நூற்றுப் பதினெட்டாம் நாள் பாடம்

மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறதோ அது பறக்கும். ஸ்பேனர் இருந்தால் ஸ்பேனர், டீ டம்ளர் இருந்தால் டீயோடு சேர்ந்து டம்ளர். அன்று காலையில் பறந்தது ஒரு இரும்புத் தகடு. நெட்டையனின் புருவத்தைக் கிழித்துவிட்டுச் சுவரில் மோதி விழுந்தது. நெட்டையன் செய்த மகா குற்றம், ஒரு தகட்டைத் தலைகீழாக வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

"வலிச்சாத்தாண்டா மண்டையில ஏறும்! நானும் இப்படித்தான் அடி வாங்கிக் கத்துக்கிட்டேன்!"

நெட்டையன் துண்டால் புருவத்தை அழுத்திக்கொண்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தான். கண்ணுக்குள் இறங்கிய ரத்தத்தை அவ்வப்போது தோளில் துடைத்துக்கொண்டான். அந்தப் பட்டறையில் பாடம் நடக்கும் லட்சணம் இதுதான்.

பட்டறையில் ஆறு பிரஸ் மெஷின்கள். தகட்டை அச்சின் மேல் வைத்து, காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இரும்பு 'தடக்'கென்று இறங்கிக் கதவுக்கான கீலை வெட்டித் தரும். கை உள்ளே போகாமலிருக்க ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் ஒரு வலைக் கதவு உண்டு. ஆறு கதவுகளையும் மேஸ்திரி கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டிவைத்திருந்தார். வலை ஏறி இறங்குவதற்குள் இரண்டு கீல் அடித்துவிடலாமாம்! நல்ல கணக்கு.

மூன்றாவது மெஷின் நோட்டக்காவுடையது. நாற்பதை நெருங்குகிறவள். அந்தப் பெயர் வந்த கதை சிரிப்புதான். நாலரை மாதத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, "தினமும் வேலையில புதுசா ஒரு விஷயம் கத்துக்கணும், கத்துக்கிட்டத ஒரு வரி எழுதணும்" என்று சொல்லி ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒருவன் அதைக் கிழித்து கிரீஸ் துடைத்தான். நெட்டையன் சீட்டாட்டத்தின் புள்ளிகளை எழுதினான். இவள் ஒருத்திதான் நிஜமாகவே எழுதினாள். விடுமுறை நாள் தவிர ஒரு நாள்கூட விட்டதில்லை.

'நாள் 3: அச்சில் எண்ணெய் தடவினால் தகடு ஒட்டாது.' 'நாள் 14: காலை டீ குடிக்கும் முன் மாமாவிடம் எதுவும் கேட்கக்கூடாது.' 'நாள் 60: மெஷினோடு வந்த புத்தகம் மேனேஜர் அலமாரியில் இருக்கிறது. கேட்டால் தருகிறார்!' அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு பக்கம் படித்தாள். படிக்கும்போதும் சரி, கீல் அடிக்கும்போதும் சரி, அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அடியையும் எண்ணுவது அவள் பழக்கம்.

மாமா என்று எழுதியது மேஸ்திரியைத்தான். அவளுடைய அக்கா புருஷன். இவள் புருஷன் செத்த பிறகு இவளைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, இந்த வேலையும் வாங்கிக்கொடுத்தவர். அக்கா, மூன்று பிள்ளைகள், இவள், எல்லோருக்கும் அந்த இரண்டு கைதான் ஆதாரம். அதே கைதான் அக்காவையும் அடிக்கும். அன்று காலையில் அக்கா கிழிந்த உதட்டோடு இவளுக்கு டிபன் பாக்ஸை நீட்டி, "வாசப்படியில தடுக்கிட்டேன்" என்றாள். அக்காவுக்குப் பொய் சொல்லவே வராது.

அதைக் கேட்ட எரிச்சலோடுதான் மத்தியானம் மேஸ்திரியிடம் போனாள்.

"மாமா, என் மெஷினோட கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. பெடல விட்டப்புறமும் சில சமயம் தானா இன்னொரு அடி இறங்குது. காலையிலருந்து ரெண்டு தடவ பாத்துட்டேன். புத்தகத்துலயும் போட்டிருக்கு, உடனே நிறுத்தணுமாம்."

"யாரு, நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"சொல்லித் தரல மாமா, படிச்சதச் சொன்னேன்."

அவ்வளவுதான். அவள் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி அதாலேயே அவள் முகத்தில் மாறி மாறி அடித்தார். அட்டையின் முனை உதட்டைக் கிழித்தது. பிறகு நோட்டை இரண்டாகக் கிழித்து அவள் தலைமுடியைப் பற்றி இழுத்து மெஷின் பக்கமாகத் தள்ளினார். அவள் விலா எலும்பு பெஞ்சில் இடித்தது. மூச்சே நின்றுவிட்டது போலிருந்தது. மற்றவர்கள் மெஷின் பக்கம் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அவரவர் புருவம் முக்கியம்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்டி எனக்கு! நூறு கீல் அடிக்கிறேன், பாரு. உன் புத்தகம் ஜெயிக்குதா நான் ஜெயிக்கிறேனான்னு பாரு!"

மூன்றாவது மெஷினில் அவரே உட்கார்ந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் வேலைக்காரர். தகட்டை வைப்பதும் மிதிப்பதும் கீலை எடுப்பதும் கண் தொடர முடியாத வேகம். இடுக்கி பக்கத்திலேயே தொங்கியது, தொடவில்லை. வெறும் கையால்தான் எடுத்தார். இவள் பழக்கதோஷத்தில் எண்ணினாள். நாற்பத்தேழாவது கீலை எடுக்க இடது கை உள்ளே போனபோது, கால் பெடலில் இல்லாமலே இரும்பு மறுபடி இறங்கியது.

கீல் சாய்ந்து சிக்கி, இரும்பு அடியிலேயே நின்றுவிட்டது. கை உள்ளே. மேஸ்திரி முதலில் கத்தவில்லை, ஆச்சரியப்பட்டவர் போலத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு கத்தினார் பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பட்டறை கேட்டதில்லை. அச்சிலிருந்து ரத்தம் எண்ணெயோடு கலந்து அவர் மடியில் ஊற்றியது.

"மிதிடா, மிதி! மேல ஏறிடும்!" என்று யாரோ கூவினார்கள். மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், மெஷின் பக்கவாட்டில் சுழலும் பெரிய சக்கரம் நிற்க வேண்டும், கடப்பாரையைச் சக்கரத்தின் ஓட்டையில் செருகிப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். இது பட்டறையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். சுவிட்ச் அவள் தோளுக்குப் பின்னால், கடப்பாரை அவள் காலடியில்.

அவள் நின்றாள்.

தெரியாமல் நிற்கவில்லை, பயந்தும் நிற்கவில்லை. அக்காவின் உதடு, நெட்டையனின் புருவம், தரையில் கிடந்த அரை நோட்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஏதோ ஒன்று ஆறுதலாக இருந்தது. கடவுளே, இனித்தது என்றே சொல்ல வேண்டும். நெட்டையன் ஓடிவந்து பெடலின் மேல் காலைத் தூக்கியபோதுதான் அவளுக்குச் சுரணை வந்தது. மிதித்தால் கை முழுசாகப் போய்விடும்.

"மிதிக்காத! கால எடுடா!"

அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். சுவிட்சை அடித்தாள். சக்கரம் நிற்கும் வரை பல்லைக் கடித்திருந்து, கடப்பாரையைச் செருகித் தொங்கினாள். நெட்டையனும் வந்து தொங்கினான். இரும்பு ஒரு விரற்கடை எழும்பியது. கை வந்தது. இரண்டு விரல்கள் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வார்டில் ஒரே புகழ்மழை. "நீங்க இல்லன்னா கையே இருந்திருக்காது" என்றார் டாக்டர். மேனேஜர் வந்து, தினம் ஒரு வரி எழுதியதன் பலனைப் பாருங்கள் என்று அடுத்த கட்டில்காரர்களுக்கெல்லாம் சொற்பொழிவாற்றி, புத்தம் புது நோட்டு ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் குடும்பத்தையே காப்பாத்திட்டடி." இவளுக்கு அந்த அணைப்பில் உடம்பெல்லாம் கூசியது.

அக்கா வெந்நீர் வாங்கப் போனாள். மேஸ்திரி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டத் திற" என்றார்.

திறந்தாள்.

"அன்னிக்கு உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். வேற எங்க பாக்குறது? நீ நின்ன. உன் உதடு அசைஞ்சுது."

அவள் நோட்டின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாள்.

"எத்தன வரைக்கும் எண்ணின?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவைப் போலவே இவளுக்கும் அது வராது.

"பதினொண்ணு, மாமா."

வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. மேஸ்திரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லாத" என்றார். "நோட்டுல எழுதிக்க."

அவள் தேதியைப் போட்டு, நாள் 118 என்று எழுதி, பக்கத்தில் பதினொன்று என்று எழுதினாள்.