மூன்றாவது சந்தின் போலந்து சிம்மாசனம்

கள்ளிமேட்டுத் தோட்டம் மூன்றாவது சந்து பனியன் தைப்பவர் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உள்ளூர்க்காரர் யார் உட்கார்ந்தாலும், அது மெல்ல எழுந்து, நடந்து, அவரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்துவிடும். வெளியூர்க்காரர் உட்கார்ந்தால் அசையாது. இதை முதலில் அறிந்தவர் ஆறுச்சாமி. சங்கத்தின் பன்னிரண்டு முதலாளிகளில் மூத்தவர் என்கிற தைரியத்தில், ஆயுத பூஜையன்று பொரி கடலையைப் பங்கு போடுவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்தார். நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு சந்தைக் கடந்தது. எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு இடதுபுறம் ஒதுங்கிக் கொடுத்தது. வேகத்தடையில் பார்த்து ஏறி இறங்கியது. வாசலில் நின்ற அவர் மனைவி ரங்காத்தாள், மனிதர் புதுச் சாமான் வாங்கிவிட்டார் என்று நினைத்து, "ஏனுங்க, ஊட்டுல இருக்கற சேரெல்லாம் பத்தாதுன்னு இது வேறயா?" என்றார். ஆறுச்சாமி இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் தனபால் உட்கார்ந்தார். பெரியப்பன் மகன் ஆறுச்சாமிக்கு வாய்க்காதது தனக்கு வாய்க்கும் என்பது அவர் நம்பிக்கை. அவரையும் கொண்டுபோய் விட்டது. மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு பேரும் வீடு சேர்ந்திருந்தார்கள். ஒருவர் குடியிருப்பது அவிநாசியில்; ஆனாலும் தோட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்பதால் நாற்காலி அவரையும் உள்ளூராகவே எடுத்துக்கொண்டது. போய்ச்சேர அரை நாள் ஆயிற்று. வழியில் இளநீர் குடிக்க நின்றதாகவும், பஸ்ஸைவிட அலுங்காமல் போனதாகவும் அவர் நல்லவிதமாகவே சொன்னார்.

நாற்காலி வந்தது போலந்திலிருந்து. பழைய போலந்து ராஜாக்களின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றைச் சந்து முழுக்கப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை ஷிப்ட் போட்டு, ஒரு ராஜாவின் மீசைகூடக் கோணாமல் ஷிப்மென்ட் போனது. அந்த மகிழ்ச்சியில், ஆர்டர் கொடுத்த கம்பெனியின் அக்னியெஷ்கா என்கிற அம்மையார், ஒரு நாடக அரங்கத்தைக் கலைத்தபோது ஏலத்தில் எடுத்த சிம்மாசனத்தை அனுப்பிவைத்தார். சந்தில் அவர் பெயர் அக்னீஸ்வரி. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். நாற்காலி ஓக் மரம், சிவப்பு வெல்வெட், உச்சியில் கிரீடம் வைத்த வெள்ளைக் கழுகு. கழுகைக் கருடன் என்று ஒருமனதாக முடிவு செய்து சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சங்கம் ஒருமனதாக எடுத்த முடிவு அதுவரை அது ஒன்றுதான்.

நாற்காலி நடக்கிறது என்பதை வீடியோ காலில் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அக்னியெஷ்கா வியக்கவில்லை. எல்லாம் பழக்கம் என்றார். அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் ராஜ வம்சம் வாரிசில்லாமல் முடிந்துபோனதாம். அதற்குப் பிறகு பிரபுக்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் கூடி, ராஜாவை ஓட்டுப் போட்டு எடுத்தார்கள். தங்களில் ஒருவன் தலையில் கிரீடம் ஏறுவதைப் பார்க்கப் பலருக்கு மனம் வரவில்லை. ஆகவே பிரான்சிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். சில மாதங்களில் அண்ணன் இறந்து சொந்த நாட்டுக் கிரீடம் காலியானதும், அவர் சொல்லாமல் கொள்ளாமல் குதிரையேறிப் போய்விட்டார். அடுத்தவர் திரான்சில்வேனியாக்காரர், ஊர்ப் பாஷை வராது, லத்தீனில் சமாளித்தார், ஆனால் சண்டையில் கெட்டிக்காரர். பிறகு ஸ்வீடன் குடும்பத்தார் மூன்று பேர். பிறகு சாக்சனியிலிருந்து அப்பாவும் மகனும். அப்பா வெறும் கையால் குதிரை லாடத்தை முறிப்பார் என்று பேச்சு. நடுநடுவே உள்ளூர்க்காரர்களும் உண்டு. கடைசி ராஜாகூட உள்ளூர்க்காரர்தான். ஆனால் உட்கார வைத்தது ரஷ்ய மகாராணி. சபையில் ஒரே ஒரு பிரபு எழுந்து சம்மதமில்லை என்றால் அந்தக் கூட்டத்தின் தீர்மானங்கள் அத்தனையும் செல்லாது. ஆகவே அண்டை நாட்டுக்காரர்களுக்குச் செலவு குறைவு. ஒருவரைக் கவனித்தால் போதும். கடைசியில் அண்டை நாட்டுக்காரர்கள் மூவர் சேர்ந்து மூன்று தடவையாக நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூற்று இருபத்து மூன்று வருஷம் போலந்து வரைபடத்திலேயே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆறுச்சாமி சொன்னார்: "நம்ம பங்காளிகளாட்டவே இருக்குதுங்க."

இருக்கத்தான் செய்தது. பன்னிரண்டு பேரும் ஒரே தோட்டத்துப் பங்காளிகள். தோட்டத்தைப் பிரித்து ஆளுக்கொரு தகரச் செட் போட்டு ஓவர்லாக் தையல் மெஷின் இறக்கியவர்கள். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தைச் சேர்ந்த ஒருவர் 'சரிப்படாதுங்க' என்று சொல்லிவிட்டால் அன்றைய கூட்டம் அத்தோடு கலையும். பேசியது எல்லாம் பேசாததாகிவிடும். கோபதாபம் கிடையாது. டீயும் பப்ஸும் முடித்துக்கொண்டு, போய்ட்டு வர்றேனுங்க என்று கும்பிட்டுப் போவார்கள். இப்படியே ஒரு தெருவிளக்கு நான்கு வருஷம் எரியாமல் இருந்தது, வெளிச்சம் முதலில் தனபால் கேட்டில் விழும் என்பதற்காக. சந்தைச் சேர்ந்தவர் என்றால் தங்கள் பன்னிரண்டு பேரைத் தவிர வேறு யாராவது இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் சந்தைச் சேர்ந்தவர் என்ற சொல்லுக்கு யாரும் வேலி போடவும் இல்லை. நாற்காலியில் நிலைத்து உட்கார வெளியூர்க்காரரால்தான் முடியும் என்பதால் தலைவரை வெளியிலிருந்தே தேர்ந்தெடுத்தார்கள். தலைவருக்கு மட்டும் பேச்சு இல்லை. அவர்தான் வெளியூராயிற்றே. மணியடிக்கலாம், நாற்காலியில் அமர்ந்தபடி சங்கத்துக்காகக் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

முதல் தலைவர் லூதியானாவிலிருந்து வந்த நூல் ஏஜென்ட். நூல் விலையை இறக்கிக் காட்டுகிறேன் என்று மாலை வாங்கிக்கொண்டார். நான்காம் மாதம் ஊரில் அண்ணன் தவறி, குடும்ப மில் கைக்கு வந்ததும், செருப்பைக்கூட எடுக்காமல் ரயிலேறிவிட்டார். இரண்டாமவர் பாலக்காட்டு ஓய்வுபெற்ற சுபேதார். பாதி மலையாளம், பாதி விசில். அவர் காலத்தில் சாக்கடை ஓடியது, கரண்ட் நின்றால் அரை மணியில் வந்தது. அவர் இறந்தபோது பன்னிரண்டு பேரும் உண்மையாகவே அழுதார்கள். இனிமேல் காலை எட்டரைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று நிம்மதியும் பட்டார்கள். மூன்றாமவர் ராஜஸ்தான் எலாஸ்டிக் வியாபாரி. முழுத் துணி ரோலை ஒற்றைக் கையால் தூக்குவார், கூட்டந்தோறும் நெய் ஒழுக லட்டு தருவார். அவருடைய ஆறு வருஷத்தில் சந்து எடை கூடியதே தவிர வேறு முன்னேற்றம் இல்லை.

சந்தைச் சுற்றிக் கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று, மேற்கே ஒன்றாக மூன்று பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள். ஒவ்வொரு தேர்தலுக்கும் மூன்று இடத்திலிருந்தும் ஸ்வீட் பாக்ஸ் வரும். நம் ஆட்கள் மூன்றையும் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாமென்றால் மரியாதையாக இருக்காதே. நான்காவது தேர்தலில் கிழக்கு சொன்ன ஆளை வடக்கு ஒப்பவில்லை, வடக்கு சொன்னதை மேற்கு ஒப்பவில்லை. யாருக்கும் கெடுதல் செய்ய முடியாத ஒருவர் வேண்டும் என்று தேடியபோது வேல்விழி கிடைத்தார்.

வேல்விழி செக்கிங் கான்ட்ராக்டர். தைத்த பனியனில் ஓட்டையும் கறையும் பார்க்கிற பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதுப் பெண்டாட்டியாகத் திருப்பூருக்கு வந்தவர். இருபத்தாறு வருஷமாகச் சந்துக் கோடியிலுள்ள லைன் வீட்டில் குடித்தனம். இன்னமும், "அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்பார்கள். இந்த ஊர்தான் என்றால், "அது செரிங்க, சொந்த ஊரு?" என்று கேட்டபடி டீயை நீட்டுவார்கள். பங்குனியில் கோயில் கொடைக்குப் பிறந்த ஊர் போனால் அங்கே, "திருப்பூர்க்காரி வந்துட்டா, டீ போடுங்கட்டி" என்று விருந்தாளியாக்கி உட்காரவைத்துவிடுவார்கள். இரண்டு ஊரிலும் அவருக்கு டீதான் கிடைத்தது.

அவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்த அன்று சங்கம் முழுவதும் குனிந்து நாற்காலியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் அசையவில்லை. கைதட்டல் எழுந்தது, யாரோ சரவெடி கொளுத்தினார்கள். வேல்விழியும் சிரித்துக்கொண்டு மணியடித்தார். வீட்டுக்கு வந்து கணவர் முனீஸிடம் மட்டும் சொன்னார்:

"கொஞ்சமாவது அசையும்னு நெனச்சேன்."

"கிறுக்கச்சி, அசைஞ்சா பதவி போயிருக்கும்லா."

"போகட்டும்லா."

முனீஸ் டெய்லர், கோணலாகப் போகிற தையலை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தார்.

வேல்விழி நல்ல தலைவராக இருந்தார். விளக்குக் கம்பத்தை யார் வாசலுக்கும் சேராத சாக்கடை வளைவில் நட வைத்தார். எல்லோருக்கும் சமமாக மங்கலாக வெளிச்சம் விழுந்தது. சரிப்படாதுங்க குறைந்தது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்ததும், பஸ் கிளம்பப் போவதுபோல இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொள்வார். சந்துக்காரர்கள் அதை ராஜ தோரணை என்று நினைத்தார்கள்.

பிறகு ஒரு வருஷம் மூன்று கம்பெனிகளும் ராசியாகிவிட்டன. சந்தின் வரைபடத்தில் மூன்று வண்ணம் அடித்துக்கொண்டு வந்தார்கள். செட்டுகள் நான்கு நான்காகப் பிரிந்து மூவருக்கும் நீண்ட குத்தகைக்குப் போகும். முதலாளிகள் வீட்டிலிருந்தே வாடகை வாங்கிக்கொள்ளலாம். கோடியிலுள்ள லைன் வீடுகளை இடித்து லாரி நிறுத்த இடம். பன்னிரண்டு பேருக்கும் இதில் விருப்பமில்லை. யாராவது ஒருவர் சரிப்படாதுங்க என்று சொல்லிவிடுவார் என்று பன்னிரண்டு பேரும் நம்பினார்கள். வாங்கித் தின்ற ஸ்வீட்டுக்கு நன்றி கெட்டவன் என்ற பெயர் தனக்கு மட்டும் வேண்டாமென்று பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்படியாக, சங்கத்தின் வரலாற்றில் இரண்டாவது தடவையாக ஒருமனது உண்டாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மேனேஜர்களும் வரைபடத்தை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து வேல்விழியிடம் நீட்டினார்கள். அவர் ஆறுச்சாமியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்களா?"

ஆறுச்சாமி தரையைப் பார்த்தார். "தலைவருக்குப் பேச்சு இல்லீங் அம்மணி. நீங்க வெளியூரு பாருங்க."

வேல்விழி பேனாவை வாங்கினார். வரைபடத்தில் சந்துக் கோடியில் பச்சை அடித்திருந்த இடத்தில் விரல் வைத்தார். "இது எங்க ஊடுங்க," என்றார். சொல்லிவிட்டு எங்கே கையெழுத்து என்று தேடியபோது நாற்காலி எழுந்தது.

அது ஏன் அன்றைக்கு எழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நாற்காலி எதற்கும் காரணம் சொல்கிற வழக்கமில்லை. அது மேசையைச் சுற்றிக்கொண்டு, வாசல் நிலையில் கழுகு இடிக்காமல் குனிந்து, வெளியே வந்தது. தலைவர் உட்கார்ந்திருக்கும்வரை கூட்டம் நடப்பதாகவே அர்த்தம் என்பதால் முதலாளிகள் பன்னிரண்டு பேரும் பின்னால் நடந்தார்கள். மேனேஜர்கள் வரைபடத்தை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓவர்லாக் சத்தம் செட் செட்டாக நின்றது. செக்கிங் பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டு வந்தார்கள்; ஒடிசா டெய்லர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முனீஸ் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்து, "ஏட்டி, ஷிப்டு நேரத்துல எங்க போற?" என்று கத்தினார்.

"ஊட்டுக்குத்தான்!" என்று வேல்விழி மேலேயிருந்து கத்தினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

நாற்காலி லைன் வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், முன்னங்கால்களை மடக்கி இறங்க வழி கொடுத்தது. இதுவரை அது சுமந்தவர்கள் எல்லோரும் வெட்கப்பட்டு உடனே இறங்கியவர்கள். வேல்விழி இறங்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எறங்குங்க அம்மணி," என்றார் தனபால்.

"கூட்டம் முடியலீங்களே. ஏனுங்க, இது என்னைய ஊட்டுல கொண்டாந்து உட்டுருச்சு. அப்ப நானு உள்ளூருதானுங்க?"

தனபால் நாற்காலியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தன்னை இது சுமந்து போன நாளை நினைத்துப் பார்த்தார். "அப்படித்தானுங்க ஆவுது."

"அப்ப எனக்குப் பேச்சு உண்டுங்களா?"

ஆறுச்சாமியின் முகத்தில், மாதக்கணக்காக அடைத்திருந்த மூக்கு திறந்தாற்போல ஒரு களை வந்தது. "உண்டுங் அம்மணி," என்றார். "தாராளமா உண்டுங்."

வேல்விழி மேனேஜர்களைப் பார்த்துக் கைகூப்பினார். "சரிப்படாதுங்க," என்றார்.

கூட்டம் கலைந்தது. "நானும் அதையேதானுங்க நெனச்சேன்," என்று பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மேனேஜர்களுக்கும் டீயும் பப்ஸும் கொடுத்தார்கள். மேற்குக் கம்பெனிக்காரர் இரண்டாவது பப்ஸும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உள்ளூர்க்காரர் தலைவராக நீடிக்கலாமா என்கிற கேள்வியை அன்றும் அதற்குப் பிறகும் யாரும் எழுப்பவில்லை. எழுப்பினால் ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

நாற்காலி இந்தத் தடவை சங்கத்துக்குத் திரும்பவே இல்லை. சங்கம் இப்போது குழாயடியில்தான் கூடுகிறது, தண்ணீர் வராத நாட்களில். அடுத்த ஆர்டருக்காக நேரில் வந்த அக்னியெஷ்கா, கழுகின் கிரீடத்தில் பள்ளிக்கூடச் சாக்ஸ் காய்வதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். இத்தனை காலத்தில் சிம்மாசனம் இவ்வளவு நிம்மதியாக இருந்து பார்த்ததில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேல்விழி அதில் ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போகிறார். போன வாரம் முருங்கைக்காய் ஒன்று எட்டு ரூபாய், சின்ன வெங்காயம் கிலோ ஐம்பது. தக்காளிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "சேரைச் சித்தெ அக்கட்டால தள்ளிக்கங் அம்மணி, யாவாரத்த மறைக்குது," என்பார். அது தள்ளி நின்றுகொள்ளும்.