கொசத்தலைக்கு விழுந்த பாடு

போன ஐப்பசியில் கொசத்தலை ஆறு எண்ணூர் கழிமுகத்துக்குப் போகாமல் சிலுவையம்மாளின் வாசலில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. நின்றதே தவிர, ஒரு சொட்டுகூட உள்ளே சிந்தவில்லை. மழை வழக்கம்போலத்தான் பெய்தது. மேலே ஏரி மதகையும் வழக்கம்போல யாரையும் கேட்காமல்தான் திறந்தார்கள். கீழேதான் வழியில்லை. பாதி ஆற்றை அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூர்த்திருந்தது, மீதியில் யாரோ மதில் எழுப்பியிருந்தார்கள், முகத்துவாரத்தைக் கடல் தன் பங்குக்கு மண் தள்ளி அடைத்திருந்தது. சிலுவையம்மாள் பின்வாசல் வழியாகப் புழங்கப் பழகிக்கொண்டாள்.

ஆற்றுத் தண்ணீர் இறங்காததால் கழிமுகத்தில் உப்பு ஏறி இறால் வரவில்லை. குப்பம் முழுக்க அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அங்கே யார் எந்தத் துறையில் வலை போடுவது என்பதைக் குடத்தில் சீட்டுப் போட்டுத்தான் முடிவுசெய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். விழுந்த பாட்டை யாரும் மறுத்ததில்லை. தலைவர் சாவியோ கூட்டத்தில் சொன்னார்: "அந்த ஆறும் நம்மளாட்டம் காத்துகினு கீது. அதுக்கும் ஒரு சீட்டு எடுத்துருவோம், வுழுந்த தொறை வழியா போவட்டும்." யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

தவறு குடத்தில் இருந்தது. தூர்ந்துபோன துறைகளின் சீட்டுகளை வெளியே எடுக்க இத்தனை வருடம் யாருக்கும் மனசு வரவில்லை. ஆற்றுக்கு விழுந்தது ஓடைத்துறை. சிலுவையம்மாளின் புருஷன் அருள்பிரகாசம், சும்மா கிடைக்கிறதே என்று லாரி லாரியாகச் சாம்பல் கொட்டி மேடாக்கி வீடு கட்டிய இடம் அது. அவர் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த வீடு ஒன்றுதான்.

"வேற சீட்டு எடுத்துர்லாம்க்கா" என்றார் சாவியோ.

"எடுத்தா அப்பால எவன் பாட்ட எவன் மதிப்பான்?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். வழியெல்லாம் செத்துப்போன புருஷனைத் திட்டினாள், வயிறெரிந்து அழுதாள். பிறகு மாதா படத்தையும் அரிசிப் பானையையும் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு கதவுகளையும் திறந்துவைத்தாள். ஆறு நிலைப்படியில் தலை குனிந்து உள்ளே வந்தது. அடுப்படியை இடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் மண்மேட்டை உடைத்துக் கடலில் சேர்ந்தது. மார்கழியில் இறால் வந்தது. மழை ஓய்ந்ததும் ஆறு போய்விட்டது. இந்த ஐப்பசியில் கேட்காமலே திரும்பி வந்தது.

மணலி புதுநகரிலிருந்து மகள் கரோலின் கூப்பிட வந்தாள். அம்மா பரணில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கூட வந்துரும்மா. இது இன்னா பொழப்பு?"

"வூட்ல ஆளு வந்துகீது," என்றாள் சிலுவையம்மாள். "வுட்டுட்டு எப்டிடீ வர்றது?"