ஏட்டு எழுதிய கரடி

துப்பாக்கி வெடித்தபோது அர்த்தனாரியின் இரண்டு கைகளிலும் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. பலா மரத்தில் சாய்த்து வைத்திருந்த சர்க்கார் துப்பாக்கி வேரிலிருந்து வழுக்கி, கல்லில் இடித்து, வெடித்துவிட்டு மண்ணில் கிடந்தது. சொம்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. அதை அவன் கவனித்தான். அந்த நேரத்தில் அதைப் போய்க் கவனித்ததற்காகப் பிற்பாடு பல நாள் தன்னையே வெறுத்தான். பிறகுதான் சொம்பைக் கொடுத்த இருசாயி கண்ணில் பட்டாள். யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது போல அவள் வாசல்படியில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கைக்கு மேலே சேலைத் தலைப்பு கருத்துக்கொண்டே வந்தது. அவள் கத்தவில்லை.

"என்னுங்க அது?" என்று மட்டும் கேட்டாள்.

யுத்தம் தொடங்கியதிலிருந்து மலைச்சனங்களிடம் இருக்கும் துப்பாக்கிகளைச் சரிபார்க்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. அதற்காகத்தான் அடிவாரத்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு குப்புசாமியும் கான்ஸ்டபிள் அர்த்தனாரியும் மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டுக்கு ஏறி வந்திருந்தார்கள். ஏட்டு ஊர்க்கவுண்டர் வீட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "அந்த மாதன் ஊட்டுல வெடிமருந்து மிச்சம் மீதி கெடக்குதான்னு பாத்துட்டு வா" என்று அவனை அனுப்பினார்.

மாதன் இருசாயியின் புருஷன். அவன் சேலம் ஜெயிலில் இருந்தான். போன வருஷம் களையெடுப்புக் காலத்தில் பன்றிக் காவலுக்குப் பரண்மேல் இருந்தவன், விடிந்ததும் இறங்கும்போது கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கி கிளையில் மாட்டி வெடித்துவிட்டது. கீழே வந்துகொண்டிருந்த பக்கத்து ராகிக் காட்டுச் சின்னையனின் முழங்காலில் ஈயம் பாய்ந்தது. அஜாக்கிரதைக்காக மாதனுக்கு ஒன்றரை வருஷக் கடுங்காவல். அவனைப் பிடித்து வந்தது அர்த்தனாரி. கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அர்த்தனாரிதான். "மருந்து கெட்டிச்ச துப்பாக்கி தானா வெடிச்சுதுன்னு சொன்னா எப்படிங்க? கெட்டிச்ச கை யாருதுங்க?" என்று அவன் கேட்டதை மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னார். வேலையில் சேர்ந்த புதிது. முள்ளுக்குறிச்சியில் அவன் அப்பா சென்னியப்பன் அந்தப் பேச்சைச் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

அன்று காலை மலை ஏறும்போது புதருக்குள் ஏதோ சலசலத்தது. ஏட்டு முன்னால் போய்விட்டிருந்தார். அர்த்தனாரி பயந்துபோய்த் துப்பாக்கியில் தோட்டாவைத் தள்ளிக் குதிரையை ஏற்றினான். ஒன்றும் வரவில்லை. தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, "என்றா, பொண்ணு பாக்கப் போறவனாட்டம் அசைஞ்சு அசைஞ்சு வாரே?" என்று மேலேயிருந்து ஏட்டின் குரல் கேட்டது. அவன் ஓடினான். தோட்டா உள்ளேயே இருந்துவிட்டது. இந்த விஷயம் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி இருசாயியைக் கீழே தூக்கிப் போனார்கள். கைகள் மாறி மாறிச் சுமந்தன. சின்னையன் மட்டும் விறைத்த காலை இழுத்துக்கொண்டு கடைசி வரை பின்னாலேயே வந்தான். ஆஸ்பத்திரியில் எலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். கை இருக்கும், ஆனால் இந்த வருஷம் அது கையாக இருக்காது என்றார்கள்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் அர்த்தனாரி ஏட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். புதர், சலசலப்பு, தோட்டா, பலா மரம். ஜெயில் கதவு தெரிந்தது. அதற்குள் மாதன் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

குப்புசாமி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கடைசியில், "பொதருக்குள்ள சலசலத்துச்சுன்னு சொன்னியே, அது என்ன?" என்றார்.

"தெரியலீங்க ஏட்டய்யா."

"தெரியலையா? கரடிடா அது. மலையில வேற என்ன சலசலக்கும்? கரடி பின்னாலயே வந்திருக்குது. அந்தப் பொம்பள ஊட்டு வாசல்ல வந்து எந்திரிச்சு நின்னிருக்குது. நீ சுட்டிருக்கே. அவ குறுக்க ஓடியிருக்கா."

"கரடி வரலீங்களே."

"உன்னய யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். எழுதும்போது அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கரடிக்குக் காதில் ஒரு வெட்டுத் தழும்புகூட வைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, இனிமேல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அர்த்தனாரியை எச்சரித்தார். அத்தோடு முடிந்தது. அவன் வெளியே வந்தபோது கால்கள் லேசாகிப் போயிருந்தன. ஓட வேண்டும்போல இருந்தது. அன்று ராத்திரி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த சந்தை நாளன்று சின்னையனும் ஊர்க்கவுண்டர் சின்னுசாமியும் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார்கள். புகார் எதுவும் கொண்டுவரவில்லை. சின்னையன் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு களைக்கொத்தை எடுத்துப் படியில் வைத்தான். காம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"என்ன சமாச்சாரம்? ஸ்டேஷன்ல களை மொளைச்சிருக்குதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார் குப்புசாமி.

"இல்லீங்க. மாதன் காட்டுல மொளைச்சிருக்குதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். அவர் அர்த்தனாரியைப் பார்த்துத்தான் பேசினார். "எங்க மலையில ஒரு வழக்கமுங்க. ஒருத்தன் கையால இன்னொருத்தனுக்கு அடிபட்டுப் போச்சுன்னா, அந்தக் காயம் ஆறுற வரைக்கும் அடிச்சவன்தான் அவன் காட்டுல வேலை செய்யோணும். ராயிப் பயிரு மொளைச்சு முழங்கால் ஒசரம் நிக்குது. களையும் அதே ஒசரம் நிக்குது. அந்தப் புள்ள ஒத்தக் கையோட என்ன பண்ணும்?"

"ஊருல வேற ஆளே இல்லியா?"

"இருக்குதுங்க. ஆனா போலீசுக்காரரு வரமாட்டேன்னு வாயால சொல்லோணும். சொல்லிட்டா ஊரு எடுக்கும். சொல்லாம நாங்க கை வெச்சா, அவரு மறுத்துட்டாருன்னு நாங்களே பழி போட்ட மாதிரி ஆயிரும். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

குப்புசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கரடிய வரச் சொல்லுங்கய்யா. அதுதான் கடன்பட்டிருக்குது."

அர்த்தனாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சின்னையனின் காலைப் பார்த்தான். "மாதன் உனக்குச் செஞ்சானா?"

"செஞ்சானுங்க. பாதிக் காடு எடுத்திருந்தான். நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போனீங்க."

உண்மைதான். அர்த்தனாரி மாதனைப் பிடித்தது சின்னையனின் காட்டில் வைத்துத்தான். அவன் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தான். விலங்கைப் பார்த்ததும் நிமிர்ந்து, "இந்தச் சால் முடிச்சுட்டு வாரேனுங்க, கொஞ்சந்தான் இருக்குது" என்றான். தப்பி ஓடப் பார்க்கிறான் என்று நினைத்து அர்த்தனாரி அவன் பிடரியில் ஒன்று வைத்தான். எதற்காகச் சின்னையன் காட்டில் மாதன் களையெடுக்கிறான் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு எழுந்துவிட்டார். மலைக்காரர்கள் போனபின் அவர் குரல் மாறியது. "தம்பி, நல்லாக் கேட்டுக்க. நீ அந்தக் காட்டுல குனிஞ்சு ஒரு புல்லப் புடுங்குனாலும் நாந்தான் சுட்டேன்னு கைநாட்டு வெச்ச மாதிரி. அப்புறம் கரடி உன்னயக் காப்பாத்தாது. பொய் எழுதுனதுக்கு என் சோத்துலயும் மண்ணு. வரமாட்டேன்னும் சொல்லாதே. ஏன் உன்னயக் கேட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் நோண்டுவான். சும்மா இரு."

சும்மா இருந்தான். ஆனால் களைக்கொத்து ஸ்டேஷன் படியிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. மழை பெய்தது. மழை பெய்யும்போதெல்லாம் அவனுக்கு மேலே அந்தக் காட்டில் களை வளர்வது தெரிந்தது. அவன் உழவு வீட்டுப் பிள்ளை. முதல் களை தவறினால் ராகி மஞ்சளித்துப் போகும், இரண்டாவது தவறினால் கதிர் வராது என்று தெரியும். தன் ஒரு வார்த்தைக்காக ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. 'வரமாட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் விடுதலை. அதைச் சொல்லிவிட்டு வருவதற்கு மட்டும்தான் போகிறோம் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டு, லீவு கிடைத்த நாளில் வேட்டியும் துண்டுமாக மலை ஏறினான். களைக்கொத்தை ஏன் எடுத்துக்கொண்டு வந்தோம் என்பது பாதி மலை ஏறிய பிறகுதான் உறைத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டாமா, அதற்குத்தான் என்று வைத்துக்கொண்டான்.

மேலே பனிமூட்டமும் தூறலும். இருசாயி காட்டோரத்துப் பாறையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காடு பச்சையாக இருந்தது. எது ராகி, எது களை என்று தெரியாத பச்சை. பாறைக்கு முன்னால் நாலைந்து இடங்களில் மண் கீறியிருந்தது. இடது கையால் முயன்று பார்த்திருக்கிறாள்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கரடின்னு எழுதியிருக்குதாமே?"

"ஆமாங்க." போன முறை அவளை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டது ஞாபகம் வந்தது.

"எப்படி இருந்துச்சுங்க அது? நானும் வாசல்லதான் இருந்தேன். எனக்குத் தெரியவே இல்ல."

அவன் களைக்கொத்தின் காம்பைத் தடவினான்.

"காதுல வெட்டாமே. பாவம்."

"நான் வந்து..." என்று தொடங்கினான். வரமாட்டேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. "உங்க ஊட்டுக்காரரு எப்ப வாராருங்க?"

"தெரிஞ்சவரு நீங்கதான சொல்லோணும்? உள்ள போட்டது நீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க களையெடுத்தீங்கன்னு நான் போய் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் வந்து கேட்டா இல்லேன்னும் சொல்ல மாட்டேன். எனக்குப் பொய் எழுத ஆள் இல்லீங்க."

தூறல் கனத்தது. அவள் பக்கத்தில் கிடந்த கருப்புக் கம்பளியை இடது கையால் அவன் பக்கம் தள்ளினாள். மாதனுடையதாக இருக்க வேண்டும். அர்த்தனாரி அதைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டான். அது முதுகெல்லாம் மூடி முழங்கால் வரை தொங்கியது. ஒரு சால், ஒரே ஒரு சால் எடுத்துவிட்டு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். குனிந்தான்.

கை மறக்கவில்லை. களைக்கொத்து ஈர மண்ணில் சுலபமாக இறங்கியது. வேரோடு வந்த களையை உதறிப் பக்கத்தில் போட்டுக்கொண்டே நகர்ந்தான். பின்னால் ராகி தனித்தனியாக நிற்கத் தொடங்கியது. முதல் சால் முடிந்தது. வார்த்தையைச் சொல்லவில்லை. இரண்டாவதில் இறங்கினான். எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. பனி இறங்கி இறங்கி, நிமிர்ந்தால் இருசாயியின் பாறை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

அப்போது மேட்டுப் பாதையில் செருப்புச் சத்தமும் ஒரு இருமலும் கேட்டன. அந்த இருமலை அவனுக்குத் தெரியும். வெற்றிலைச் சாற்றைத் துப்பும் சத்தமும் தெரியும். குப்புசாமி. துப்பாக்கிச் சோதனைக்கு மறுபடி மலை ஏறியிருக்க வேண்டும். அர்த்தனாரியின் முதுகு குனிந்தபடியே உறைந்தது. கை மட்டும் நிற்காமல் ஒரு களையைப் பிடுங்கியது. ஓடினால் ஆள் என்று தெரிந்துவிடும். நிமிர்ந்தால் யார் என்று தெரிந்துவிடும். சால் முடிய இன்னும் இரண்டு கை தூரம் இருந்தது.

செருப்புச் சத்தம் நின்றது.

"ஏ புள்ள, அங்க காட்டுக்குள்ள கருப்பா அசையறது என்னது?"

இருசாயி இவன் பக்கம் திரும்பியது பனியில் தெரிந்தது. பிறகு, யாரோ கேட்டதற்கு நேரம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"கரடிங்க."

கரடியை எழுதியவர் அவர். அதன் காதில் தழும்பு வைத்தவரும் அவர்தான். அவர் சிரிப்பார் என்று அர்த்தனாரி காத்திருந்தான். சிரிப்புச் சத்தம் வரவில்லை. பனிக்குள் ஒரு செருப்பு ஓரடி பின்னால் நகர்ந்தது. அதைத் தொடர்ந்து அவன் தினமும் துடைத்து எண்ணெய் போடுகிற துப்பாக்கியின் சத்தம் கேட்டது. இரும்பு இழுபட்டு, தோட்டா உள்ளே போய், அடைபடும் சத்தம். பாறையில் இருசாயி சட்டென்று எழுந்து நின்றாள். அர்த்தனாரியின் கையில் வேரோடு பிடுங்கிய களை இருந்தது. அதிலிருந்து ஈரமண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அவன் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.