கட்டிலுக்கு வந்த அடுப்பு

மாமனார் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்த சத்தம் அடுத்த அறையில் படுத்திருந்த மருமகளுக்குத் தெளிவாகக் கேட்டது. கோபமாக ஒன்றும் தள்ளவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. மேசை ஓரம் வரைக்கும் தட்டை மெதுவாக நகர்த்தி, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, "பசிக்கல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அப்பா ரெண்டு நாளா இதையேதான் சொல்றார்," என்றது அவள் கணவன் குரல்.

"பசிக்காம என்ன? சோறு அரிசி அரிசியா நிக்குது. எழுபது வயசுல இதை எப்படி மெல்லுவார்?" என்றாள் மாமியார்.

"அவ சொன்ன மாதிரிதாம்மா பண்ணினேன். ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி."

"எதுல அளந்தே?"

"அரிசிய பெரிய டம்ளர்ல. தண்ணிய அந்தக் காபி கப்புல. ஒரு கப்பில்ல, ரெண்டு கப்பு ஊத்தினேன்."

அறைக்குள் படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். சிரித்தால் தையல் இழுக்கும்.

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் பத்து நாள் ஆகிறது. ஆறு மாதம் அவளுக்கு. முதல் பிள்ளை இதே ஆறாம் மாதத்தில்தான் கை நழுவிப் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். வலி வந்தபோதுகூட அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அந்த விருந்தையும் இந்த வலியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. விதி என்று சொல்லி எல்லாரும் அழுதார்கள். சாப்பிட்டவர்களும்தான் அழுதார்கள்.

இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தக் குழந்தை உங்களுக்கு வேணுமா? அப்போ பத்து வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பாத்ரூமுக்கு மட்டும்தான் இறங்கணும்." கணவன் அதைக் கையோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டிவிட்டான். பெரிய எழுத்து. அடியில் சிவப்புக் கோடு.

அவனைக் குறை சொல்ல வழியில்லை. லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு வெளியிலிருந்து பேசிப் பேசியே அவர்கள் பயத்தைத் தணிப்பான். பெண்டாட்டி என்றால் உயிர். ஆனால் அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தால் அளக்க வேண்டும் என்பதை முப்பத்துநாலு வயது வரைக்கும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாலு நாள் கடையில் வாங்கினார்கள். மாமனாருக்கு வயிறு கெட்டது. பிறகு இரண்டு நாள் ரொட்டி. அதற்கடுத்துத்தான் மெக்கானிக் களத்தில் இறங்கினான். பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. வீடே வாடிப்போயிற்று. அவள் சமையலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. குழைய வடித்த சோறு, பருப்பு, ஒரு கீரை, உடம்புக்கு முடியாதவருக்குக் கஞ்சி. அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் பொழுது விடியவில்லை.

அன்று மத்தியானம் மாமியார் வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போர்வையின் நுனியை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்தி நீ என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும்மா. கையும் காலும் நல்லாத்தானே இருக்கு, கிழவி எழுந்து ஒரு வேளை பொங்கிப்போட்டா என்னன்னு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"நினைச்சாலும் தப்பில்ல. நானே நினைச்சுப் பார்த்தேன். நேத்து அடுப்படி வாசல் வரைக்கும் போனேன். கால் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முப்பத்தியோரு வருஷம் அங்க நின்னேன். என் அம்மா செத்த சேதி வந்தப்பகூட, இவருக்குச் சோத்த வடிச்சு வச்சுட்டுத்தான் கிளம்பினேன். நீ வந்த அன்னிக்குக் கரண்டிய உன் கையில கொடுத்தேன். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம் என் வாழ்க்கையில தூங்கினதில்ல. இப்ப மறுபடியும் எடுத்தேன்னு வை, அப்புறம் யாரும் என் கையிலேர்ந்து வாங்க மாட்டாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா."

மருமகளால் கோபப்பட முடியவில்லை. ஒருத்தி தப்பிக்க வேண்டும் என்றால் இன்னொருத்தி உள்ளே போயாக வேண்டும் என்று எவனோ வகுத்து வைத்த ஏற்பாட்டில் இவளை மட்டும் எப்படி நொந்துகொள்வது? இரண்டு பெண்களும் அடுப்படியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் இரண்டு ஆண்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவருக்காவது அது வேடிக்கையாகத் தோன்ற வேண்டுமே!

அந்தச் சனிக்கிழமைதான் மெக்கானிக்குக்கு யோசனை உதித்தது. காலையிலிருந்து மொட்டைமாடியில் அறுக்கிற சத்தம், தட்டுகிற சத்தம். நாலு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க அறைக்குள் ஒரு மேசையை உருட்டிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் குறுக்கே போடுவார்களே, அந்த மாதிரி. பழைய லிஃப்டிலிருந்து கழற்றிப்போட்ட எவர்சில்வர் தகட்டை மேலே அறைந்திருந்தான். நடுவில் ஒரு கரண்ட் அடுப்பு. எதுவும் உருண்டு விழாதபடி நாலு பக்கமும் விளிம்பு. உப்புக்கும் மஞ்சளுக்கும் தனித்தனிக் குழி. ஓரத்தில் ஒரு லிஃப்ட் பட்டன். அழுத்தினால் பட்டனுக்குள் பச்சை விளக்கு எரியும், ஹாலில் மணி அடிக்கும்.

"சமையல் முடிஞ்சா இதை அழுத்தினாப் போதும். நாங்களே வந்து எடுத்துக்கறோம். நீ கூப்பிடக்கூட வேண்டாம்," என்றான். முகமெல்லாம் பல்.

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள்.

அவனும் பார்த்தான். "டாக்டர் சொன்னதை ஒரு எழுத்துகூட மீறல. நீ இறங்கவே வேண்டாம். அடுப்பே உன்கிட்ட வந்துடுச்சு பாரு!"

ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று, கையில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டு செய்திருக்கிறான். காய் நறுக்கித் தருவதாகச் சொன்னான். பாத்திரத்தை அவனே தூக்கி வைத்து, அவனே இறக்குவானாம். ஒன்று மட்டும்தான் அவன் செய்ய மாட்டான். அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவன் மண்டைக்குள் ஒரு மூலையில்கூடத் தோன்றவில்லை. ஒரு நாள் உழைத்து இந்த மேசையைச் செய்தவனுக்கு, அரை மணியில் சோறு வடிக்கக் கற்றுக்கொள்ள முடியாதா? இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்து, பட்டனை நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, எனக்கு ஜுரம்னா ஜன்னலைக்கூடச் சாத்தாது" என்று தன் புருஷனை வைதுவிட்டுப் போனாள். மருமகளைப் பெற்ற அம்மா போனில் அழுதே விட்டாள். "இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குடி கிடைப்பான்? நீ கொடுத்து வச்சவ."

கொடுத்து வைத்தவள் சமைத்தாள். படுத்தபடி கிளற முடியாது; எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வயிற்றின் கனம் முழுக்கக் கீழே இறங்கும். பருப்பு கொதித்து வருகிற வரைக்கும் ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஒருக்களித்து ஒரு கையால் கிளறிப் பார்த்தாள். மூன்று வேளை. மூன்றாம் நாளிலிருந்து அடிவயிறு கல் மாதிரி இறுகத் தொடங்கியது. கொஞ்ச நேரம் இறுகும், பிறகு தளரும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த இறுக்கம். போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் காலை, கஞ்சி பாதி வெந்துகொண்டிருந்தபோது இறுகியது தளரவில்லை. மூச்சு வாங்கியது. கத்தவும் வரவில்லை. கைக்கு எட்டியது அந்தப் பட்டன்தான். அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. ஹாலில் மணி அடித்தது.

"ஆயிடுச்சு போல," என்ற மாமனாரின் குரலில் அப்படி ஒரு குதூகலம். நாற்காலி நகர்ந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று இடித்தன. மாமியார் இரண்டு கிண்ணத்தோடு வந்தாள். மெக்கானிக் பிடிதுணியோடு வந்தான். எல்லாருக்கும் பின்னால் மாமனார், சின்னப்பிள்ளை மாதிரி ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு. இந்த நாலஞ்சு நாளில் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது அவருக்கு.

"என்னம்மா, ரெடியா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா," என்றாள்.

கஞ்சியை இறக்கின பிறகுதான் வயிறு தளர்ந்தது. அன்றைக்குத்தான் நர்ஸை நம்பத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் அடுத்த வியாழக்கிழமை வருவதாகப் போன் வந்திருந்தது. வீட்டு மனிதர்களிடம் சொல்ல வாய் வராது. வெளி ஆளிடம் வரும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒரே வாக்கியமாகச் செய்து வைத்துக்கொண்டாள். 'சிஸ்டர், நான் சமைக்கறேன், வயிறு இறுகுது, சமைக்கக் கூடாதுன்னு இவங்ககிட்ட நீங்க சொல்லுங்க.' கண்ணை மூடினால் அதைத்தான் சொல்லிப் பார்த்தாள். கிளறும்போதும் அதுதான்.

வியாழன் மத்தியானம் ஒரு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நாலு மாடி ஏறி வந்த களைப்பில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ரத்த அழுத்தம் பார்த்தாள். குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"கட்டிலை விட்டு இறங்கறாங்களா?"

"தரையில கால் படறதில்ல சிஸ்டர்," என்றாள் மாமியார்.

"கனம் எதுவும் தூக்கறாங்களா?"

"ஒரு டம்ளர்கூடத் தூக்க விடறதில்ல. என் பையன் பார்த்துக்கறான்."

"மாடிப்படி? துணி துவைக்கறது? வீடு பெருக்கறது?"

எதுவும் இல்லை. எதுவும் இல்லை. எல்லாம் உண்மை. படிவத்தில் சமையலுக்கு ஒரு கேள்வி இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். இல்லை. அந்தப் படிவத்தை எழுதிய ஆளுக்கு யாரோ ஒருத்தி வேளாவேளைக்கு வடித்துக் கொட்டியிருப்பாள். அது ஒரு வேலை என்று அவருக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது?

நர்ஸின் கண் அப்போதுதான் மேசையில் பட்டது. "இது என்ன, அடுப்பா?"

"சும்மா பொழுது போக்குக்கு," என்றாள் மாமியார் சட்டென்று. "நாள் பூரா படுத்தே கிடந்தா மனசு என்னத்துக்கு ஆகும்? நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"

நர்ஸ் வேண்டாம் என்றுதான் தொடங்கினாள். அதற்குள் தட்டில் சோறு விழுந்துவிட்டது. குழைந்த சோறு, மேலே பருப்பு, ஓரத்தில் கீரை. முதல் வாய் போனதும் பேச்சு நின்றது. இரண்டாம் வாய்க்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"காலையில நாலரைக்கு எழுந்து, எங்க வீட்டுல ஆறு பேருக்குப் பண்ணி வச்சுட்டு வந்தேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "எனக்குச் சாப்பிட நேரமில்ல. இன்னொருத்தர் கையால சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

அவள் கண் கலங்கியிருந்தது. மாமியார் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். அறையில் இவர்கள் இருவர் மட்டும்தான். நர்ஸ் கடைசி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, விரலை நக்கிவிட்டு, முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டாளுங்க முன்னாடி சொல்ல முடியாதது ஏதாவது இருக்காம்மா? சொல்லு. நான் எழுதிக்கறேன்."

இதற்காகத்தான் அவள் ஏழு நாளாகக் காத்திருந்தாள். வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டாள். கண் மட்டும் அந்தக் காலித் தட்டின் மேல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சிஸ்டர்?"

சொன்னது தன் குரல்தானா என்று அவளே திடுக்கிட்டாள். நர்ஸ் வெட்கத்தோடு சிரித்தாள். இடது கையால் தட்டை நீட்டினாள். மருமகள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தபோது அடிவயிறு மறுபடியும் இறுகியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பருப்பை அடியிலிருந்து கிளறினாள். நர்ஸ் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிவத்தின் கடைசி வரியில் 'நோயாளி முழு ஓய்வில் இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.