அஞ்சு மணிச் சங்கு

சூரியநெல்லிக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டில் சங்கு ஊதுகிறவன் கருத்தப்பாண்டி. தேயிலை ஃபேக்டரியின் எஞ்சின் ரூமில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முள் சரியாக வந்ததும் கம்பியை இழுப்பான். அவன் இழுத்தால்தான் மலையில் முந்நூறு பேர் கொழுந்தில் கை வைப்பார்கள், அவன் இழுத்தால்தான் கையை எடுப்பார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்த வியாழக்கிழமை அத்தனையையும் கெடுத்துக்கொண்டான்.

எல்லாம் அவன் பெண்டாட்டி சுருளியம்மாளின் முட்டியால் வந்தது. ஆனி மழையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததில் முட்டிச்சில்லு நொறுங்கிப்போனது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் முட்டியைத் திறந்து சில்லை எடுத்தார்கள். ஒரு மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் கால் உலக்கை மாதிரி விறைத்து நின்றது. மயக்கம் கொடுத்து ஒருமுறை மடக்கிவிட்டு, இனி தினமும் மடக்க வேண்டும், விட்டால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலிக்குப் பெத்தடின் ஊசியும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஊசி போட்டால் வலி போகும், கூடவே சுருளியும் போய்விடுவாள். வாயில் எச்சில் வழியத் தூங்குவாள். விழித்தால் அடுத்த ஊசி. முட்டியை யாரையும் தொட விடமாட்டாள். ஆறாம் நாள் வலி வருவதற்கு முன்னாலேயே ஊசி கேட்டாள். ஊசிக்கே பழகிவிட்டாளோ என்று கம்பவுண்டர் ஏசுரத்தினத்துக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வருகிறார். முட்டி பாதியாவது, அதாவது உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிகிற அளவுக்காவது மடங்காவிட்டால், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். அப்புறம் எஸ்டேட் பேரேட்டில் பேரை வெட்டிவிடுவார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வீடு அவள் பேரில்தான் இருந்தது. கருத்தப்பாண்டியோ பதினோரு வருஷமும் தற்காலிக ஆள்.

ஏசுரத்தினம் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு தாயி. மாத்திரை நேரத்துக்கு நேரம் தாறேன். மடக்கறதுக்கு முன்னால ஒண்ணு. முட்டிக்கு ஈரத்துணி. பெத்தடின் இனிமே பாதிதான், அதுவும் சாயங்காலம் அஞ்சு மணிச் சங்கு ஊதின பொறவு. சரியா?"

"சங்கு ஊதினா கட்டாயம் போடுவீகளா?"

"சத்தியமாப் போடுவேன்."

கணுக்காலைப் பிடித்து மெல்ல அழுத்தக் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார்கள். பிடித்தான். அவள் போட்ட முதல் கத்தலிலேயே கையை உதறிவிட்டு எஞ்சின் ரூமுக்கு ஓடிவிட்டான். ஆம்பிளைச் சிங்கம்! ஏசுரத்தினம்தான் தலையில் அடித்துக்கொண்டு தானே மடக்கினார்.

வியாழக்கிழமை மணி நாலே இருபத்தைந்து. ஆஸ்பத்திரி ஃபேக்டரிக்குக் கூப்பிடு தூரம். எஞ்சின் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது.

"ஐயோ, சங்கு எப்பய்யா ஊதும்! எப்பய்யா ஊதும்!"

கருத்தப்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். முள் நகரவே இல்லை. மறுபடியும் கத்தினாள். அவன் கை தானாகப் போய்க் கம்பியை இழுத்தது.

மலை முழுக்கச் சங்கு கேட்டது. பெண்கள் கூடையை இறக்கி, அதுக்குள்ளே அஞ்சாச்சா என்று சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். கங்காணிமார் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். இவன் எதையும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

சுருளி வேர்வையில் நனைந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணி வெயிலு எனக்குத் தெரியாதா? இருவது வருசமா அந்த மேட்டுல நிக்கிறவ. பாறை மேல இன்னும் வெயில் கெடக்கு. எதுக்குய்யா ஊதுன?"

"நீ கத்துனியே புள்ள..."

"கத்தத்தான் செய்வேன்! கத்திக்கிட்டே மடக்கிட்டு இருந்தேன். உஞ்சங்கு கேக்கவும் காலை விட்டுட்டேன். நீ வெளங்குவியா?"

ஏசுரத்தினம் குறுக்கே வந்தார். "வலி பொறுக்கலைன்னா இப்பவே போடுறேன் தாயி. இது ஒண்ணும் பந்தயம் இல்ல."

அவள் ஊசி வைத்திருந்த தட்டையே பார்த்தாள். "போட்டா தூங்கிருவேன்யா. நாளைக்கு டாக்டர் வந்துருவாரு. அஞ்சுக்கே போடுங்க." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ போயி ஒழுங்கா ஊது."

எஞ்சின் ரூம் வாசலில் எஸ்டேட் துரை நின்றிருந்தார்.

"யாருடா ஊதினது?"

"நான்தான் தொரை."

"நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"சரிங்க தொரை. இன்னிக்கு அஞ்சு மணிக்கு மட்டும் ஊதிட்டுப் போயிர்றேன்."

துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, தொலை என்பதுபோல் கையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

கருத்தப்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியில் கத்தல் தொடங்கியது. நாலு நாற்பது. பல்லைக் கடித்தான். நாலு ஐம்பது. ஐந்து நிமிஷம் இருக்கும்போது கத்தல் சட்டென்று நின்றது. அதுதான் அவனுக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது. மயங்கிவிட்டாளா? செத்துக்கித்துப் போனாளா? ஓடத் துடித்தான். ஓடினால் யார் ஊதுவது? கண்ணீர் வழிய முள்ளையே பார்த்தான். சரியாக அஞ்சு ஆனதும் இழுத்தான்.

போய்ப் பார்த்தால், சுருளி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாள். முழுக்க மடங்கவில்லை. ஆனால் குதிகால் தரையைத் தொட்டிருந்தது. அது தொட்ட நொடியில்தான் கத்தலை நிறுத்தியிருந்தாள். ஏசுரத்தினம் சொன்ன வாக்குப்படி பாதி ஊசி போட்டார். அவள் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள்.

"எனக்கு வேலை போச்சு புள்ள."

அவள் கண்ணைத் திறந்தாள். "போகட்டும். நாளைக்கு ஓடி ஒளிய எஞ்சின் ரூம் இல்லைல்ல? நீயே மடக்கிவிடு."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மாத்திரை போட்டு அரை மணி ஆகியிருந்தது. கருத்தப்பாண்டி மண்டியிட்டு அவள் கணுக்காலைப் பிடித்தான். அழுத்தினான். அவள் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். அவன் பிடி தளர்ந்தது.

"விட்டுராதேய்யா! விட்டுராதே!"

அவனும் சேர்ந்து அழுதான், ஆனால் விடவில்லை. குதிகால் மெல்ல மெல்லப் பின்னால் வந்து, பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு மாதம் லேசான வேலை, பிறகு கொழுந்து என்று எழுதினார். பேரை வெட்டச் சொல்லவில்லை.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகும் கருத்தப்பாண்டி எழுந்திருக்கவில்லை. "போதும்யா, விடு," என்றாள் சுருளி. அவன் இன்னும் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.