ஒடெட்டும் உதைக்கும் துப்பாக்கியும்

பதினோரு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஒருவழியாக இந்த வருடம் குலுக்கலில் ஒடெட்டின் பெயர் விழுந்தது. ஒரு மூஸ் மானைச் சுட அனுமதி. கெடு ஆறே நாள். அதிலும் வெள்ளிக்கிழமை வந்தாயிற்று. செவ்வாயன்று அறுபது கஜத்தில், சுவர் மாதிரி நின்ற மானைத் தவறவிட்டாள். விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். பின்னே? போன மாதம் பயிற்சியில் அந்தச் சனியன் பிடித்த துப்பாக்கி உதைத்த உதையில், மேலிருந்த தொலைநோக்கி புருவத்தைப் பிளந்து மூன்று தையல். யாருக்குத்தான் பயம் வராது?

"நாளைக்கும் இதே கதைன்னா துப்பாக்கிய எங்கிட்டக் குடுத்துடு," என்றான் புருஷன் ரெஜிஸ். துணை ஆளாக அவன் பெயரும் அனுமதிச் சீட்டில் இருந்தது, அவனும் சுடலாம். "கறி வைக்கிற ஐஸ்பெட்டி காலியாக் கெடக்கு. உன் வீம்பு வயித்த நெரப்பாது."

ஒடெட்டுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் காத்திருந்தது இவன் சுடுவதற்கா?

இருவரும் சரளைக் குழிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். "நேரா நில்லு, உடம்பப் பின்னால சாச்சுக்கோ. இருவது வருஷமா நான் இப்படித்தான். பாரு," என்று கை நீட்டினான். அவள் கொடுத்த துப்பாக்கியில் இன்னும் தோட்டாவே போட்டிருக்கவில்லை. அது தெரியாமல் விசையை அழுத்தினான். டிக். உதையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் மகாராசனுக்குத் தோள் குலுங்கிற்று, துப்பாக்கி முனை தரையைப் பார்த்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"அடப்பாவி! நீயும் பயந்தாங்கொள்ளிதானா?"

ரெஜிஸுக்குக் காது சிவந்துவிட்டது. "தாயே, ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

சிரித்து ஓய்ந்ததும் ஒடெட்டுக்குப் பொறி தட்டியது. ஊர்த் தீயணைப்புப் படையில் ஒன்பது வருடமாகத் தண்ணீர்க் குழாய் பிடிப்பவள் அவள். "யோவ், தண்ணி சீறிட்டு வர்றப்போ பின்னால சாஞ்சா நிப்போம்? மல்லாக்கத் தள்ளிடுமே!"

இடது காலை முன்னே வைத்தாள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாரத்தை முன்னால் போட்டாள். இத்தனை நாள் பயத்தில் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் படாமல் பிடித்ததால்தான் அது வேகமெடுத்து வந்து இடித்திருக்கிறது. இப்போது தோள்குழியில் அழுத்திப் பொருத்தினாள். இடது கையால் முன்பக்கத்தைத் தன்னை நோக்கி இழுத்துப் பிடித்து, கன்னத்தைக் கட்டையில் பதித்து, கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாள். சுட்டாள். தள்ளியது, இடிக்கவில்லை. ஐந்து முறை சுட்டும் கால் அசையவில்லை. கண் மூடியதா இல்லையா என்று மட்டும் அவளுக்கே நிச்சயமில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மரம் வெட்டிய வெளியின் ஓரத்தில் கிடா மூஸ் ஒன்று வந்து நின்றது. ரெஜிஸின் கை தானாகத் துப்பாக்கிப் பக்கம் நீண்டது.

"குடு, கடைசி நாளு," என்று கிசுகிசுத்தான்.

"கைய எடு."

அவன் காதைப் பொத்திக்கொண்டான். ஒடெட் முன்னால் சாய்ந்து, பாதி மூச்சை விட்டு, விசையை மெல்ல அழுத்தினாள். வெடித்தது.

"பட்டுச்சா? எங்க போச்சு? நான் கண்ண மூடிட்டேன்!" என்று பதறினான் ரெஜிஸ்.

"முன்னங்கால் மடங்குச்சு. எந்திரிக்கப் பாத்துச்சு. ரெண்டு எட்டு வச்சு, அந்தத் தேவதாரு பக்கத்துல சாஞ்சிடுச்சு," என்றாள் ஒடெட். சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "முழுசாப் பாத்தேன்யா."