ஐந்தாம் எண் புட்டி

"அக்டோபர் 14, செவ்வாய். பத்து நாள் குறிப்பும் வீண். பிழை என்னுடையது."

எழுதிவிட்டு மினோரி மறுபடி பட்டியலைப் பார்த்தாள். அதில் எண்ணெய்கள் பத்து. கடைசிப் புட்டியின் மேலோ எண் பன்னிரண்டு.

ஜப்பானின் மாட்சுமோட்டோ ஊர்ப் பண்பாட்டு மையத்தின் மாலை வகுப்பில் வாசனைச் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள். ஹினாட்சு டீச்சர் முப்பது வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவர். அங்கே நாலாம் எண் அறையும் கிடையாது, ஒன்பதும் கிடையாது; ஜப்பானிய மொழியில் நாலு 'சாவு' போலவும் ஒன்பது 'வேதனை' போலவும் ஒலிக்கும். அந்தக் கைப்பழக்கத்தில் புட்டிகளிலும் இரண்டு எண்களையும் விட்டுவிட்டார். மினோரியோ அவர் வாசித்த பெயர்களை ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எழுதிக்கொண்டாள். அவள் பட்டியலில் ஐந்தாவது, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெய். ஐந்தாம் எண் புட்டியில் இருந்ததோ அதே செடியின் விதையை ஆட்டிய சமையல் எண்ணெய்.

அந்தப் புட்டியைத்தான், தூக்கம் வருகிறதா என்று குறித்து வகுப்பில் வாசிப்பதற்காக, சோயாப் பாலை உறையவைத்து டோஃபு விற்கும் பக்கத்துக் கடை உராபேயிடம் கொடுத்திருந்தாள். அதிகாலை இரண்டு மணிக்கு சோயா அரைக்கிறவர் மாலை ஏழுக்கே தூங்கியாக வேண்டும். ஒரு வருடமாகத் தூக்கமில்லை. தூக்கக் கலக்கத்தில் அளவு தவறி, டோஃபு உறையாமல் கூழாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் புத்தாண்டோடு கடையை மூடிவிடலாம் என்றிருந்தார் மனைவி ஃபுசாஎ. இந்தப் பத்து நாளாகத்தான் மனிதர் நன்றாகத் தூங்குகிறார். உண்மையைச் சொன்னால் தூக்கம் ஓடிவிடுமோ? சொல்லாவிட்டால் வகுப்பில் பொய்யை அல்லவா வாசிக்க வேண்டும்?

மறுநாள் மாலை டோஃபு கடையில் போய் நின்றாள்.

"வாங்க டாக்டரம்மா! நேத்து ஆறரை மணி நேரம். எழுதிக்கோங்க!"

"உராபே-சான், நான் புட்டிய மாத்திக் குடுத்துட்டேன். அது வெறும் விதை எண்ணெய். சாலட்ல ஊத்துவாங்களே, அது."

உராபே புட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப பத்து நாளா சாலட் எண்ணெய நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டா குறட்டை விட்டேன்?"

"ரெண்டு தக்காளி சேத்திருந்தா ராத்திரிச் சாப்பாடே முடிஞ்சிருக்கும்," என்று ஃபுசாஎ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உராபே சிரிக்கவில்லை. "ஏம்மா சொன்ன? இனி நான் எப்படித் தூங்குவேன்?"

"சொல்லலேன்னா நான் தூங்க மாட்டேன்."

"எண்ணெயாவது, ஒண்ணாவது!" என்றார் ஃபுசாஎ. "இந்தப் பொண்ணு நோட்டுல எழுதச் சொன்னதுக்காக ஆறரைக்கே ரேடியோவ அணைச்சீங்க. பத்து நாளா பேஸ்பால்ல யாரு ஜெயிச்சாங்கன்னே உங்களுக்குத் தெரியாது."

"அதையே கஷ்டப்பட்டு மறந்திருந்தேன், ஞாபகப்படுத்திட்டியா!"

ரேடியோவாக இருக்கலாம். குளிர் தொடங்கியதாலும் இருக்கலாம். நிஜமான சி.பி.டி. கொடுத்திருந்தால் இன்னும் நன்றாகத் தூங்கியிருப்பாரோ, அதுவும் மினோரிக்குத் தெரியாது. தெரியாது என்றே அவரிடம் சொன்னாள்.

வியாழன் காலை கடைக்கு முன்னால் நடந்தபோது உராபேயே கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"மூணு மணி நேரம்தான். ஆனா தூங்கினேன். டோஃபு உறைஞ்சிடுச்சு, பாரு. பாதியில விட்டுட்டு ஓடிடாத. கடை நிக்கணும்னா எது வேலை செஞ்சுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அன்று மாலை அவள் எழுதினாள்:

"நாளை, வெள்ளி: ஒரே மாதிரி இரண்டு புட்டி வாங்க வேண்டும். ஒன்றில் சி.பி.டி., மற்றதில் விதை எண்ணெய். ஊற்றுவது ஃபுசாஎ-சான், எது எதில் என்று சோதனை முடியும்வரை அவருக்கும் எனக்கும் சொல்லக் கூடாது. ரேடியோ ஆறரைக்கு."